பின்னால் மாட்டுகிற ப்ளோயர்தான் வேண்டும்

கடைக்காரனுக்கு ரெய்னோவின் கழுத்தைப் பற்றித்தான் கவலை. டிராக்டரை ஓட்டப்போவது புருஷன் ரெய்னோ இல்லை, தான்தான் என்று வெர்னா கீஸ்கினென் கடைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டாள். காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னாள். அவனோ கூட வந்திருந்த அவள் கொழுந்தன் வெஸ்லியின் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தான். அண்ணனுக்குக் கழுத்தில் தகடு வைத்திருக்கிறார்களாமே, பனியை வாரி வீசுகிற ப்ளோயரைப் பின்னால் மாட்டினால் முழு நேரமும் ரிவர்ஸில் அல்லவா போகவேண்டும், திரும்பிப் பார்க்க முடியாதே பாவம் என்று உருகினான்.

"என் கழுத்து நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றாள் வெர்னா. "வேணும்னா சுத்திக் காட்டட்டுமா?"

"அதுக்கில்ல மேடம். முன்னாடி பாத்து ஓட்டுற மாதிரி ஒண்ணு வந்திருக்கு. டிராக்டர் முன்னால போகும், ப்ளோயர் பின்னாலயே இழுபட்டு வரும். சாருக்கும் சுலபம்."

சாராம் சார்! சார் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் கூரைமேல் ஏறிப் பனி தள்ளும்போது சறுக்கி விழுந்ததிலிருந்து சாருக்கு டிராக்டரே கிடையாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இது ஏரிக்குள் நீண்டு கிடக்கிற இந்தக் கீவீனா முனையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ரெய்னோவுக்குத்தான் ப்ளோயர் தேடிக் கொடுப்பார்கள். இல்லாத மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிற கூட்டம்!

வெர்னா இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். காட்டுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிற பாதைகளில், முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்த, ஏரிக்காற்று பனியை அள்ளிக் கண்ணாடியில் அப்ப, பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பியவள். ஒரு தபால்பெட்டியைக்கூட இடித்ததில்லை. அவளுக்கு ரிவர்ஸ் கஷ்டம் என்று பாடம் எடுக்கிறான், நேற்று மீசை முளைத்தவன்.

அவளுக்குத் தெளிவாகத் தெரியும், எது வேண்டும் என்று. இழுபட்டு வருகிற ப்ளோயரில் டிராக்டரின் சக்கரம்தான் முதலில் பனியை மிதிக்கும். மிதித்த பனி கல்லாகிப் போகும், அப்புறம் வசந்தம் வரைக்கும் அதைச் சுரண்ட முடியாது. அது போகட்டும். சாலைப் பனியைத் தள்ளுகிற பெரிய வண்டி, வீட்டுப்பாதையின் வாயில் இடுப்புயரத்துக்குக் கட்டிகட்டியாக ஒரு சுவரை விட்டுவிட்டுப் போகுமே, அதற்குள் டிராக்டர் முன்னாலேயே எப்படி நுழையும்? பின்னால் மாட்டுகிறதென்றால் ப்ளோயரே முதலில் போகும், தின்றுகொண்டே போகும், சக்கரம் சுத்தமான தரையில் வரும். டிராக்டருக்கு முன்னால் மாட்டுகிற ரகமும் இருக்கிறதுதான். அதற்கு வண்டியின் வயிற்றுக்கு அடியில் தனியாக ஒரு தண்டு ஓட்டவேண்டும், அவர்களுடைய கிழட்டு டிராக்டர் அதைத் தாங்காது. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அகலம் எவ்வளவு வேண்டும் என்பதையும் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி அளந்துகொண்டு வந்திருந்தாள்.

"அண்ணி, ஒரு மணி நேரம் பின்னாடியே பாத்து ஓட்டினா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுலயும் பின்னாடி பாத்துட்டுத்தான் உக்காந்திருப்பீங்க," என்றான் வெஸ்லி.

"நல்லதாப் போச்சு. பின்வரிசையில நீ வாயைப் பொளந்துட்டுத் தூங்குறதைப் பாக்கலாம்."

கடைசியில் அவள் கேட்டதைத்தான் வண்டியில் ஏற்றினார்கள். ரசீதில் கடைக்காரன் ரெய்னோ பெயரை எழுதினான். அடித்துத் திருத்தச் சொல்லி, திருத்தும்வரை நகராமல் நின்றாள்.

இத்தனை வீம்பு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் போன குளிர்காலம் மறந்திருக்கும். வெர்னாவுக்கு மறக்காது. ரெய்னோ விழுந்த பிறகு அவர்கள் வீட்டுப்பாதையின் பனியைப் பக்கத்துவீட்டு ரூடி ஸ்டிமாக்தான் தள்ளிக் கொடுத்தான். அந்தச் சாலையில் அதுதான் வழக்கம். படுத்துவிட்டவன் வீட்டுப் பாதையை யாராவது வந்து தள்ளிவிட்டுப் போவார்கள். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் காசு நீட்டமாட்டார்கள், வாயால் நன்றிகூடச் சொல்லமாட்டார்கள். ஏலக்காய் போட்ட ரொட்டி ஒன்றைப் பையில் போட்டு அவன் தபால்பெட்டியில் மாட்டிவிட்டு வரவேண்டியது. ரூடி நல்லவன்தான். ஆனால் நல்லவனுக்கும் வேலை இருக்குமே. தன் பாதை, தன் தங்கை வீட்டுப் பாதை, அப்புறம் இவர்களுடையது. சில நாள் விடியுமுன் வருவான், சில நாள் மத்தியானம் வருவான்.

பிப்ரவரியில் ஒரு காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வெர்னாவின் அக்கா எல்லனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, உடனே வாருங்கள் என்று. வெளியே இடுப்பளவு பனி. வெர்னா டிராக்டர் சாவியை எடுத்தாள். முன்னால் மண் அள்ளுகிற வாளி இருக்கிறது, அதை வைத்தாவது வழி உண்டாக்கலாம் என்று. "கவுத்துருவே. ரூடி வருவான், பொறு," என்றான் ரெய்னோ. அவள் பொறுத்தாள். கோட்டும் பூட்ஸுமாகச் சமையலறை ஜன்னலில் நின்று பொறுத்தாள். ரூடி வந்தான், மத்தியானத்துக்கு மேல். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லனின் முகத்தை மூடியிருந்தார்கள்.

யாரைத் திட்டுவது? சும்மா செய்கிறவனைத் திட்ட முடியுமா? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதே. அந்த வாரமும் ரொட்டி சுட்டுக்கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு முடிவு செய்ததுதான்: இனி என் வீட்டு வாசலை விட்டு நான் வெளியே போவது இன்னொருவன் தயவில் இருக்கக்கூடாது.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. தரை உறையாமல் ப்ளோயரை இறக்கக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வெர்னாவுக்கும் தெரியும். ஆனால் கை அரித்ததே! மாட்டினாள், இறக்கினாள், ஓட்டினாள். பனியோடு பாதையின் ஜல்லியும் சேர்ந்து பறந்து நீராவிக் குளியலுக்கென்று கட்டியிருந்த சானா அறையின் ஜன்னலைப் பொடிப்பொடியாக்கியது. அந்தச் சனிக்கிழமை ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டு சானாக் குளியல் குளித்தார்கள். வெறும் வாயை மெல்லுகிற சாலைக்காரர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. வெர்னா ஜன்னலைச் சுட்டாளாம், மான் வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கினாளா என்று சர்ச்சில் கேட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். தப்பு அவளுடையது, சிரித்துவிட்டுப் போகட்டும்.

சிரிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. தரை கெட்டியாக உறைந்து, நல்ல பனி கொட்டி, அவள் விடியற்காலையில் எழுந்து உடுத்திக்கொண்டு வெளியே வந்தால் பாதை தள்ளியிருந்தது. சுத்தமாக, ஓரம் வெட்டி, வாயில் இருந்த சுவரையும் எடுத்து. அடுத்த பனிக்கு இன்னும் முன்னால் எழுந்தாள். ரூடியின் டிராக்டர் விளக்கு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்ததற்கு உடுப்போடு படுத்தாள். கண் அசந்த நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டான். கிறிஸ்துமஸும் போயிற்று. புது ப்ளோயர் கொட்டகையில் பெயின்ட் உரியாமல் மினுமினுத்துக்கொண்டு நின்றது. வெர்னா ரொட்டி சுடுவதை நிறுத்தினாள். அப்போதும் அவன் வருவது நிற்கவில்லை.

"உனக்கென்னம்மா, குடுத்து வச்சவ. எங்க வீட்டுக்கு அப்படி ஒருத்தன் வரமாட்டேங்குறானே!" என்றார்கள் சர்ச் முடிந்து காபி குடிக்கையில்.

"வேணும்னா கூட்டிட்டுப் போங்க. கட்டிக் குடுத்துடறேன்," என்றாள் வெர்னா.

 ஒரு ஜன்னல் உடைத்ததற்கு இவ்வளவு தண்டனையா? ஆம்பிளைகள் ஒவ்வொருத்தனும் எத்தனை ஜன்னல் உடைத்திருக்கிறான்? இந்த ரூடி தன் லாரிக் கண்ணாடியையே உடைத்தவன்தானே! அவன் டிராக்டரை யாராவது பிடுங்கினார்களா? ஜனவரியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரம் முடிந்ததும், நேரே அவன் கொட்டகைக்கே நடந்துபோனாள். ரூடி மண்டியிட்டு, ப்ளோயரில் கல் சிக்கினால் உடைவதற்கென்றே வைத்திருக்கிற போல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

"ரூடி, நான் செத்தா போயிட்டேன்?"

"என்ன வெர்னா இப்படிக் கேக்குற?"

"பின்ன? எழவு வீட்டுக்கு வந்து தள்ளுற மாதிரி தெனம் வந்து தள்ளுறியே. என்கிட்ட டிராக்டர் இருக்கு, ப்ளோயர் இருக்கு, கை கால் இருக்கு. நீ யாரு என் வழியைத் தள்ள?"

ரூடி எழுந்து கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "எனக்கு மட்டும் ஆசையா? எங்க வீட்டுல திட்டு வாங்கிட்டுத்தான் வர்றேன். ரெண்டு மணிக்கு எந்திரிச்சா இடுப்பு போகுது."

"அப்ப எதுக்கு வர்ற?"

"உங்க வீட்டுல போய்க் கேளு."

"யாரை?"

"வேற யாரை? அவன்தான் கேட்டான். இந்த ரோட்டுல எங்க அப்பன் காலத்துலேர்ந்து யாரும் யாரையும் இதைச் செய்யின்னு கேட்டதில்ல. ரெய்னோ போன் பண்ணிக் கேட்டான். அழுகிற குரல்ல கேட்டான், வெர்னா. நான் எப்படி மாட்டேங்குறது?"

திரும்பி வந்த தூரமெல்லாம் அவளுக்குக் குளிரே தெரியவில்லை. ரெய்னோ மேஜையில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தான். அவள் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"ரூடிகிட்ட என்ன சொன்ன நீ?"

பிஸ்கட் உடைந்து காபிக்குள் விழுந்தது. அவன் அதைக் கரண்டியால் தேடினான்.

"உன்னைத்தான் கேக்குறேன். நான் தூங்கினப்புறம் வந்து தள்ளுன்னு சொன்னியா?"

"கவுந்துடுவியோன்னு பயந்துதான்."

"பொய் சொல்லாத. பெத்த பிள்ளைங்கள்லேர்ந்து இந்த ஊர்ப் பிள்ளை அத்தனையையும் என் பஸ்லதான எல்லாரும் ஏத்தி அனுப்பினீங்க? அப்பல்லாம் பயம் வரலையா?"

ரெய்னோ கரண்டியை வைத்தான். "கவுந்துட்டாக்கூடப் பரவால்லடி. நீ நல்லா ஓட்டுவேன்னு எனக்குத் தெரியும். அதான். நான் படுக்கையில கெடந்துக்கிட்டு, நீ அதை நல்லா ஓட்டுற சத்தத்தைக் கேக்கணும். எங்க கியர் மாத்துறே, எங்க மேடு ஏறுறே, எல்லாம் எனக்கு அங்கேயே தெரியும். அப்புறம் நான் இந்த வீட்டுல எதுக்கு?"

வேறொரு நாளாயிருந்தால் அவளுக்குப் பரிதாபம் வந்திருக்கும். அன்று வரவில்லை. தன் மனசு நோகக்கூடாது என்பதற்காக ஒருத்தன் பெண்டாட்டியைப் பூட்டி வைப்பதா? அதுவும் பூட்டு என்றே தெரியாமல், ஊரே மெச்சுகிற உதவியாக?

"போனை எடு," என்றாள்.

"வெர்னா..."

"எடு. இப்பவே. என் முன்னாடி."

ரெய்னோ ரூடியின் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது கேட்டது. "ரூடி, நான்தான்," என்றான்.   "இனிமே வராத. ஆமா. வெர்னா பாத்துப்பா." பிறகு, யாரும் கேட்காமலே, "என்னைவிட நல்லாப் பாத்துப்பா," என்றான். போனை மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஏரிப்பக்கமிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வெர்னா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் கொதித்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கிடைத்தும் கொதிப்பு அடங்கவில்லை.

"இதைப் போன பிப்ரவரியில சொல்லியிருந்தா, ரெய்னோ," என்றாள், "எங்க அக்கா கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பேன் நான்."

  வெர்னா கையுறையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.