நான் சீவித் தள்ளிய நம்பர்

1. வியாழக்கிழமை வந்த புளொக்

அந்த எஞ்சின் புளொக் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் குரொய்டனில் உள்ள மெஷின் கடையிலிருந்து திரும்பி வந்தது. செயின் போட்டு இறக்கி ஸ்டாண்டில் ஏற்றினேன். சிலிண்டர் ஹெட் வந்து உட்காரும் இரண்டு முகங்களும் பளபளத்தன. குனிந்து பார்த்தால் என் மூக்கே அதில் தெரிந்தது. இதெல்லோ வேலை என்று எனக்குப் பெரிய புளுகம், சந்தோஷம் தலைக்கேறி நின்றது.

அந்தப் புளுகம் நாலு நிமிஷம் நின்றிருக்கும். துருப் பிடிக்காமல் இருக்க விரலால் ஒயில் தடவிக்கொண்டு போனேன். வலப்பக்க முகத்தின் முன் நுனியில், ஹெட் மூடாத சின்னத் துண்டு ஒன்று வெளியே தெரியும். இரண்டு விரல் அகலம்தான். அந்த இடத்தில் என் கட்டைவிரல் வழுக்கியது. அங்கே வழுக்கக் கூடாது. போன கிழமைவரை அந்த இடத்தில் ஒரு நம்பர் இருந்தது, ஃபாக்டரியில் அடித்த நம்பர். அந்த முகத்தை மெஷினில் சீவி மட்டமாக்கச் சொல்லி அனுப்பியவன் நானேதான்.

பக்கத்தில் கிடந்த பழைய ரயரில் அப்படியே இருந்துவிட்டேன்.

2. கென்னும் அவருடைய காரும்

இனி ஒழுங்காகச் சொல்கிறேன். நான் எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்தவன். கிழமை நாட்களில் தோர்ன்ரன் ஹீத்தில் ஒரு கராச்சில் மெக்கானிக். வீடு நோர்பரியில். பக்கத்து வீட்டில் கென் தனியாக இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தபால்காரராக நடந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு ஞாபகத்தில் இருப்பது என் தமிழில்தான், அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த கராச்சில் ஒரு அமெரிக்கக் கார் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. அறுபதுகளின் கடைசியில் செய்தது. இரண்டு கதவு உடம்புக்குள் பெரிய வீ-எயிட் எஞ்சினைத் திணித்து விட்டிருப்பார்கள், 'மசில் கார்' என்பது அதைத்தான். மேக்கைச் சொல்லமாட்டேன். இந்தக் கார் பிரியர்கள் இரண்டு கட்சி. பெயரைச் சொன்னால் மற்றக் கட்சிக்காரர் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். இங்கே வேலை முடிந்து நாடு திரும்பவிருந்த ஒரு அமெரிக்க விமானப்படைக்காரனிடம் கென் அதை வாங்கியிருந்தார். சில வருஷம் ஓடி, பிறகு நின்று, பிறகு உக்கத் தொடங்கிய கார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"நேசன், இது இனி ஓடுமா?"

"ஓடும். ஆனா ரெண்டு வருஷம் எடுக்கும்."

"எனக்கு வேறை என்ன வேலை கிடக்கு?"

அப்படித்தான் தொடங்கியது. சனி, ஞாயிறு எல்லாம் அங்கேதான். தரைத் தகடு கை வைத்தவுடன் விசுக்கோத்துமாதிரி நொறுங்கியது. வெட்டி எறிந்து புதுத் தகடு வெல்ட் பண்ணினோம். ராம்ப் இல்லை, ஸ்டாண்டில் தூக்கி வைத்து, முதுகில் கிடந்தபடி வேலை. நட்டெல்லாம் அங்குல அளவு. வேலையிடத்தில் மில்லிமீற்றர் நட்டுச் சாவியோடு கிடந்த எனக்கு, ஊரில் ஓடிய பழைய ஏ-போர்ட்டிக் காரைக் கழற்றுகிற உணர்ச்சி வந்தது.

பின் சீற்றின் ஸ்பிரிங்குகளுக்குள் ஒரு மங்கிய காகிதம் செருகியிருந்தது. கார் செய்த நாளில் ஃபாக்டரியில் வைத்த விபரப் பத்திரம். கென் அதைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, ஒவ்வொரு நம்பராக ரோச் அடித்துக் காட்டினார்.

"பாரும், சேசிலை, கார்ச் சட்டத்திலை, இந்த நம்பர். கியர்பொக்ஸிலை இந்த நம்பர். எஞ்சினிலையும் இதே நம்பர். பிறந்த நாளிலை இருந்து ஒண்டும் மாறேல்லை. இப்பிடி ஒரு கார் இந்த நாட்டிலை தேடிப்பிடிக்க ஏலாது."

நான் "யெஸ், யெஸ்" என்றேன். எங்கள் ஆட்களின் 'யெஸ், யெஸ்' விளங்கினாலும் வரும், விளங்காவிட்டாலும் வரும். எனக்கு அன்று விளங்கவில்லை.

ஒவ்வொரு கோடையிலும் சறேயில் ஒரு மைதானத்தில் அமெரிக்கக் கார்க் காட்சி நடக்கும். நடுவர்கள் ரோச்சோடு வந்து நம்பர் பார்த்துப் புள்ளி போடுவார்கள். அங்கே ஒரு தடவை, எல்லா நம்பரும் பொருந்தின காரோடு நிற்க வேண்டும் என்பதுதான் கென்னின் ஆசை. வாழ்நாள் முழுக்க வீட்டு நம்பர் பார்த்தே நடந்த மனிதருக்கு அது சின்ன ஆசை இல்லை.

3. ஏன் சீவினேன்

இளம் மெக்கானிக்குகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரியுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் வேலை பழகிய நாட்களில் இறக்குமதித் தடை. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் ஒழுகாமல் போடுகிற காஸ்கெற் கிடைக்காது. ஹெட்டைக் கழற்றினால் பழைய காஸ்கெற்றையே கழுவி, சில்வர் பெயின்ற் பூசித் திரும்பப் போடுவோம். அது ஒழுகாமல் நிற்க வேண்டுமென்றால் புளொக்கின் முகம் துளி மேடுபள்ளமில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே ஹெட் கழன்றால் முகம் சீவத்தான் வேண்டும், கேள்விக்கு இடமில்லை. என் முதலாளி புளொக்கில் தன் மீசையைப் பார்த்துத் தடவுவார். மீசை கோணலாகத் தெரிந்தால் எங்களுக்குப் பேச்சு விழும்.

எஞ்சின் நம்பர் என்று ஒன்று இருந்தது உண்மை. ஆனால் மூன்று காரின் உறுப்புகளால் ஒரு காரை ஓட வைக்கிற ஊரில் அதை யார் மதித்தார்? புளொக் மாறினால், எண் பதிக்கும் இரும்புப் பஞ்ச் எடுத்து, காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள நம்பரைப் புதுப் புளொக்கில் அடித்துவிடுவோம். நானே எத்தனையோ அடித்திருக்கிறேன். அதைக் களவு என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

கென்னின் புளொக்கில் முகம் நன்றாகத்தான் இருந்தது. புதுக் காஸ்கெற் பெட்டியோடு மேசையில் கிடந்தது. சீவத் தேவையே இல்லை. கை பழகினபடி அனுப்பிவிட்டேன். மெஷின் கடைக்காரர் ரெலிபோனிலும் கேட்டவர்.

"முழு முகத்தையும் எடுக்கிறதோ, முன் நுனியை விடுறதோ?"

"முழுக்க எடுங்கோ. ஒரு கீறல் நிக்கக்கூடாது."

சொன்னது என் வாய்தான். அவரில் ஒரு பிழையும் இல்லை.

4. பஞ்ச் பெட்டி

சுகந்தியிடம் அன்றிரவே சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னேன். சுகந்தி என் மனைவி, நடந்ததை உடனே பிடித்துக்கொள்கிற ஆள்.

"என்னப்பா இது! கென் உங்களுக்குக் கடிதம் எழுதித் தாறன் எண்டு சொன்ன நேரத்திலையே?"

அதுதான் கதையின் மற்றப் பக்கம். நாங்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். என்னைத் தெரிந்த ஒரு பிரிட்டிஷ்காரர் என் குணத்தைப் பற்றி, பிரஜாவுரிமை கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்கு நேரே கடிதம் எழுத வேண்டும். கென் சம்மதித்திருந்தார். சுகந்தியின் அம்மா திருச்சியில் அகதியாக இருந்தார், சுகமில்லை. ஆறு வருஷமாகத் தாயின் முகத்தைப் பார்க்காதவள், பாஸ்போட் வந்தால் அடுத்த கிழமையே பிளேன் ஏறுவேன் என்று சூட்கேசைக்கூட வாங்கி வைத்திருந்தாள்.

"நம்பரை அடிச்சு விடுங்கோவன்," என்றாள். "ஊரிலை அடிக்கேல்லையே? அதே நம்பர்தானே. புதுசாப் பொய் நம்பரே அடிக்கப் போறியள்?"

"அவருக்குத் தெரிய வந்தா?"

"நீங்கள் சொன்னாத்தானே தெரியும்."

சரியான பேச்சு. வேலை செய்யும் கராச்சிலிருந்து பஞ்ச் பெட்டியைக் கொண்டுவந்து ஒரு இரும்புத் துண்டில் அடித்துப் பார்த்தேன். அமில நீர் கொஞ்சம் பூசி, கிறீஸ் தேய்த்தேன். இருபத்தைந்து வருஷப் பழைய நம்பர்போலவே வந்தது. என் கைத்திறமையைப் பார்த்து எனக்கே பயம் பிடித்தது.

5. சனிக்கிழமை காலை

ஒரு சிக்கல். நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. அந்தப் பத்திரம் வேண்டும். சனிக்கிழமை காலை பஞ்ச் பெட்டியைக் கோட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு கென் வீட்டுக்குப் போனேன்.

"கென், அந்தப் பேப்பரை ஒருக்காத் தாங்கோ."

எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து எடுத்து நீட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேசையில் கிடந்த கடதாசியைத் தட்டினார்.

"நல்ல நேரத்திலை வந்தீர். உம்மடை கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டு இருக்கிறன். 'நேர்மையானவர்' எண்டு போடவா, 'மிகவும் நேர்மையானவர்' எண்டு போடவா? மிகவும் எண்டா கொஞ்சம் கூடிப்போன மாதிரித் தெரியுமோ?"

ஐயோ, அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கத்தை எழுத ஏலாது. பொக்கற்றுக்குள் பெட்டி கனத்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஒண்டும் போடாதேங்கோ," என்றேன். "உங்கடை எஞ்சின் நம்பரை நான் அழிச்சுப்போட்டன். இதாலை திரும்ப அடிக்கத்தான் பேப்பர் கேட்டனான்."

கென் எழும்பிக் கராச்சுக்குப் போனார். நான் பின்னால் போனேன். அந்த வழுக்கல் இடத்தை அவரும் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார்.

"வீட்டை போம், நேசன்," என்றார்.

போனேன். சுகந்தி என் முகத்தைப் பார்த்தவுடனேயே விளங்கிக்கொண்டாள். "சொல்லிப்போட்டியள்," என்றாள். அவள் அழுதது தன் அம்மாவுக்காக.

6. ஹெட் எப்போது பூட்டுவது

மூன்று கிழமை கென்னின் கராச்சுக் கதவு பூட்டியே கிடந்தது. வீதியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

நாலாவது சனிக்கிழமை எங்கள் கதவில் தட்டுச் சத்தம்.

"ஹெட் எப்ப பூட்டப் போறீர்? அந்தக் காஸ்கெற் மேசையிலை கிடந்து கிழடாகுது."

சப்பாத்தைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடினேன். பூட்டுவதற்கு முன் ஒரு தடவை கேட்டேன்.

"நீங்கள் சொன்னா இப்பவும் அடிச்சுத் தாறன். ஒருவராலையும் கண்டுபிடிக்க ஏலாது."

"மற்றவைக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே," என்றார் கென். "அந்தச் சாவியைத் தாரும்."

ஓகஸ்ட்டில் கார் தயார். முதல் ஓட்டத்துக்குச் சுகந்தி நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். ராகு காலம் முடியவேண்டும் என்று அரைமணித்தியாலம் எங்களைக் காக்கவும் வைத்தாள்.

"இதை நசுக்கினா பிரேக் பிடிக்குமா?" என்று கேட்டார் கென்.

"நீங்கள் நசுக்குங்கோ, பிறகு பாப்பம்."

எஞ்சின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. வீதியில் ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. கென் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைமாதிரிச் சிரித்தார்.

சறே மைதானத்தில் நடுவர் ரோச்சோடு குனிந்தார். சேஸ் சரி, கியர்பொக்ஸ் சரி. எஞ்சின் முன் நுனியில் ரோச் வெளிச்சம் நின்றுவிட்டது.

"இங்கை நம்பர் இல்லை."

"சீவுப்பட்டுப் போச்சு," என்றார் கென். "பிழையா நடந்தது. எஞ்சின் அதே எஞ்சின்தான். ஆனா உங்களுக்குக் காட்ட என்னட்டை ஒண்டும் இல்லை."

நடுவர் அந்த வரியில் பூச்சியம் போட்டார். பரிசு இன்னொரு காருக்குப் போனது. கென் அங்கே என் பெயரைச் சொல்லவில்லை. பத்தடி தூரத்தில் துணியோடு நின்ற நான் பம்பரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், தலை நிமிர்த்தவில்லை.

7. கடிதம்

ஐப்பசிக் குளிரில் எனக்குப் பிரஜாவுரிமை நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கடிதம் இல்லை, திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதிகாரி ஒரு பெண். ஃபைலைத் திறந்து, ஒரு கடதாசியை எடுத்து, என்னை ஒருமுறை பார்த்தார்.

"உங்களுடைய அயலவர் மார்ச்சில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் வித்தியாசமான கடிதம்," என்று சொல்லி வாசித்துக் காட்டினார். திகதியையும் வாசித்தார். நான் பஞ்ச் பெட்டியோடு போன அந்தச் சனிக்கிழமை. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, மனிதர் அன்றைக்கே எழுதித் தபாலில் போட்டிருக்கிறார்.

வாசகம் இதுதான், அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "இவர் என் காரின் எஞ்சின் நம்பரை அழித்துவிட்டார். அதை எனக்குத் தெரியாமல் திரும்ப அடித்திருக்க இவரால் முடியும். இன்று காலை வந்து தானே சொன்னார். எனக்கு இவர்மேல் கடும் கோபம். இவர் சொல்வதை நீங்கள் நம்பலாம்."

பாஸ்போட் வந்தது. சுகந்தி மாசியில் திருச்சிக்குப் போய் அம்மாவைப் பார்த்தாள்.

கென்னிடம் கடிதத்தைப் பற்றி ஒரேயொரு தடவை பேசினேன். "மிகவும் எண்ட சொல்லை விட்டிட்டியள் போலை," என்றேன். "இடம் போதேல்லை," என்றார்.

தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். முகத்தைச் சீவக் கொடுக்கமுன் சீவத் தேவையா என்று பாருங்கள். முன் நுனியைக் கட்டைவிரலால் தடவுங்கள். பிழை விட்டால் பஞ்சைத் தேடாமல் காரின் சொந்தக்காரரைத் தேடிப் போங்கள், அதுவும் காலையிலேயே போய்விடுங்கள்.