கோகிலா வரைந்த கடைசி வாசல்

கருமத்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் அனிமேஷன் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம். பாதிப் படத்தில் சேகர் போனில் கூப்பிட்டார். "கோகிலா போயிட்டாளுங்க" என்றார். மனைவியைப் பற்றி அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. உள்ளே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புற்றுநோய் என்று தெரியும், நாள் நெருங்கிவிட்டதும் தெரியும். தெரிந்து என்ன பயன், இடி விழுந்த மாதிரிதான் இருந்தது.

அந்தப் படத்தின் கதை என்னுடையது. திரையில் தெரிந்த தண்ணீர், மரம், வீடு எல்லாம் கோகிலாவுடையவை. தன் அம்மாவைக் குளம் கொண்டுபோய்விட, பூவாத்தா என்ற சிறுமி குளத்துக்கு அடியில் இருக்கும் உலகத்துக்கு அவளைத் தேடி இறங்குகிறாள். அந்த உலகத்தைக் கோகிலா கறுப்பே தொடாமல் வரைந்தார். இருட்டு வேண்டிய இடத்தில் கத்தரிக்காய் ஊதாவும் வேப்பிலைப் பச்சையும்தான். அங்கேயும் கொடியில் துணி காயும், ஒரு மூலையில் அடுப்பு எரியும். "மாய உலகத்துல அடுப்பு எதுக்குங்க?" என்று கேலி செய்தேன். "பயப்படறப்பவும் பசிக்குமில்லீங்க" என்றார். படத்தைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள்கூட அந்த உலகத்துக்குப் போகணும் என்று அடம்பிடித்ததற்குக் காரணம் அந்த அடுப்புதான் என்று இப்போது நினைக்கிறேன்.

குளத்தின் பூதத்துக்குக் கோரைப்பல் வைக்கச் சொன்னேன். அவர் வரைந்து வந்தது வயதான எருமையின் முகம். "இதைப் பாத்தா யாருங்க பயப்படுவாங்க?" என்று கத்தினேன். கோகிலா அசரவில்லை. "அதுக்கும் யாரோ இல்லாமப் போயிருக்காங்க போலிருக்குதுங்க. அதான் அடுத்தவங்க அம்மாவப் புடிச்சு வெச்சுக்குது" என்றார். கதை எழுதிய எனக்கே தோன்றாத காரணம் அது.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். ஒருநாள் பாதங்களை நனைத்துக்கொண்டு அலுவலகத் தரையில் நடந்து, தடம் எப்படிக் காய்கிறது என்று குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூட்டிப் பெருக்கும் அக்கா வந்து, "ஏனுங்க அம்மணி, இப்பத்தானுங்க தொடைச்சேன்!" என்று சத்தம் போட்டார். "ஓரம் மொதல்ல காயுதுங்கக்கா, விரலு கடைசி வரைக்கும் நிக்குது" என்றார் கோகிலா. எல்லோரும் சிரித்தோம். எதற்கு அதைப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. நான் முதலில் எழுதிய முடிவில் பூவாத்தா தனியாகத்தான் திரும்புவாள். படத்தை வெளியிட வந்தவர் மாற்றச் சொன்னார், மாற்றினேன். கரையில் நின்று பூவாத்தா மூன்று தடவை கூப்பிடுவாள். அம்மா தண்ணீரிலிருந்து எழுந்து வருவாள். இருவரும் வீட்டுக்குள் போவார்கள். கடைசியாக ஆளில்லாத வாசல், படம் முடிந்தது.

கோகிலா என் மேசைக்கு வந்தார். "அம்மாவத் திருப்பிக் குடுத்துப்போடாதீங்க. அம்மா இல்லாத புள்ளைக நம்பிப்போடுமுங்க."

"இது கற்பனைக் கதைங்க. அழுதுட்டுப் போனா யாரு ரெண்டாந்தடவ வருவாங்க?" என்றேன்.

"சரிங்க, உங்க கதைங்க" என்று போய்விட்டார். அந்த இடத்தில் ஜனங்கள் கைதட்டியபோது நான் பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நோய் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருந்ததா என்று சேகரிடம் கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் துடியலூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "கொளத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு புள்ள ஒரே அழுகைங்க. நான் என்னன்னு சொல்றதுங்க?" என்றார் சேகர். ஏழு வயது மகள் யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது எந்தக் கொளமுங்க மாமா? மூணு தடவ கூப்பிட்டாப் போதுமுங்களா?"

அவள் அப்பாவின் செல்போனில் அந்தக் கடைசி வாசலை நிறுத்தி என் முன்னால் நீட்டினாள்.

"இதுல ஒரு சோடி காலுதானுங்க இருக்குது. தண்ணியில இருந்து வந்த அம்மாவுக்கு ஏனுங்க காலு ஈரமாகல? அம்மா வரைய மறந்துபோட்டாங்களா?"

வாங்கிப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்த படம்! வாசற்படி வரை ஈரக் கால்தடங்கள். சின்னக் கால்கள் மட்டும். நான் எழுதிக் கொடுத்ததை மறுக்காமல் வரைந்துவிட்டு, உண்மையைத் தரையில் வைத்துப் போயிருக்கிறார் கோகிலா.

"மறக்கல கண்ணு. அம்மா எந்தக் கொளத்துல கூப்பிட்டாலும் வரமாட்டாங்க. மாமாதான் பொய்யா எழுதிப்போட்டேன். உங்கம்மா அன்னைக்கே வேண்டாமுன்னு சொன்னாங்க."

யாழினி அழுதாள். நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து மறுபடி செல்போனை எடுத்துப் பார்த்தவள், "உள்ள அடுப்பு எரியுதுங்க மாமா" என்றாள். ஆமாம், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வெளிச்சம்.

கோகிலாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு ஜோடி ஈரக் கால்களைத்தான். இனி எந்தப் பள்ளிக்கூடத்தில் படத்தைப் போட்டாலும், அந்த வாசலை நிறுத்தி வைத்து, எத்தனை கால் இருக்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்வேன்.