அத்தையின் சோலோவும் அப்பாவின் மெயிலும்

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் சபையின் பாடகர் குழுவுக்கு, அதாவது கொயருக்கு, ஒரு வெப் ஆப் எழுதிக் கொடுத்த நாளோடு என் நிம்மதி போயிற்று. பயிற்சி எந்தக் கிழமை, எந்தப் பாட்டை யார் பாடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் உள்ளே நுழைய வேண்டுமே! நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் யாராவது ஒரு ஆன்ட்டிக்கு பாஸ்வேர்ட் மறந்துபோகும். எங்களோடு வசிக்கும் என் அத்தை, அப்பாவின் தங்கை, அதற்கும் மேலே. நீலசந்திராவில் பள்ளி ஆசிரியை, குரல் நன்றாக எட்டும். ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டு, "நம்ம வீட்டு நம்பரும் என் பேரும்தானே போட்டேன், ஏம்மா தொறக்கல?" என்று ஊருக்கே கேட்கும்படி பாஸ்வேர்டை அறிவிப்பார்.

போன நவம்பரில் எனக்குப் பொறுமை தீர்ந்தது. ஆபீஸில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே இந்த மாதிரி வேலைக்குத்தான். சிங்கிள் சைன்-ஆன் என்பார்கள்: போனில் ஏற்கெனவே இருக்கும் மெயில் கணக்கே சாவி, இன்னொரு பாஸ்வேர்ட் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அதைக் கொயர் ஆப்பில் சேர்த்தேன். பழைய பதிவுகளில் ஒரே மெயில் இரண்டு மூன்று இடங்களில் இருந்தது. யாரோ தெரியாமல் மறுபடி மறுபடி பதிந்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். முதலில் பதிந்தவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அவரோடு சேர்த்துவிடும்படி எழுதினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என் கெட்டிக்காரத்தனம் என்னாவது?

அந்த வாரம் ஒரு போன்கூட வரவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு, கொயர் மாஸ்டர் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கான பட்டியலை ஆப்பிலிருந்து அப்படியே அச்செடுத்துப் பலகையில் ஒட்டினார். நாற்பது பேர் இருந்த கொயரில் இருபத்திரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். எங்கள் சபையில் பல வீடுகளில் குடும்பத்துக்கே ஒரு மெயில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவும் அத்தையும் கொயரில் இருக்கும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கல்லூரியில் படித்தபோது அப்பா பெயரில் ஒரு மெயில் திறந்து, அத்தையின் போனிலும் அதையே போட்டுக் கொடுத்தது சாட்சாத் நான்தான்.

மூன்றாவது பாட்டுக்கு நேரே, சோலோ என்ற இடத்தில், அப்பா பெயர் இருந்தது; ஆப்பில் முதலில் பதிந்தவர் அவர்தானே. அது அத்தையின் சோலோ. பதினேழு வருடம் பின்வரிசையில் நின்று பாடியவருக்கு முதல்முறையாகத் தனியாகப் பாடக் கிடைத்த ஒரு சரணம்.

அப்பா பூரித்துப்போனார். அவருடைய குரல் ஓடுகிற பஸ்ஸை நிறுத்த உதவும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. "மாஸ்டருக்கு இப்பதான் என் அருமை தெரிஞ்சிருக்கு" என்று வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்.

அத்தை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "மாஸ்டர் மாத்திட்டார் போல. இருக்கட்டும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். தலை நிமிரவேயில்லை.

"அவர் மாத்தல அத்தை, நான்தான் கெடுத்துட்டேன். உங்களையும் அப்பாவையும் ஒரே ஆளுன்னு என் ப்ரோக்ராம் நெனச்சுக்கிச்சு."

கத்தி நின்றது. குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஒரே ஆளா? அவரு பாடறதக் கேட்டுமா?" என்றவர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

துண்டோடு வெளியே வந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். துண்டால் தலையைத் துவட்டினார். பிறகு, "ஸ்கேல் ரொம்ப ஹை. நானே மாஸ்டர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்" என்று தாராளமாக விட்டுக்கொடுத்தார்.

பழைய பதிவுகளின் நகல் என்னிடம் இருந்ததால் பிழைத்தேன். காணாமல்போன பதினெட்டுப் பேரையும் திரும்பக் கொண்டுவந்து, ஒவ்வொருவருக்கும் தனி மெயில் திறக்க உட்கார்ந்தேன். முதல் ஆள் அத்தை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரே விரலால் தன் பெயரை அடித்தார்.

"இதுல அண்ணா வரமாட்டார் இல்ல?"

"வரமாட்டார். நீங்க மட்டும்தான்."

கேரல் ஆராதனையில் அத்தை பின்வரிசையிலிருந்து முன்னால் வந்து பாடினார். முதல் வரியில் குரல் லேசாக நடுங்கியது, இரண்டாவது வரியில் நிமிர்ந்துகொண்டது. பின்வரிசையில் அப்பா உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிந்து வாசலுக்கு வந்ததும், ஆப் மறுபடி மெயிலைக் கேட்கிறது என்று அத்தை போனை நீட்டினார்.

"பாஸ்வேர்ட் சொல்லுங்க அத்தை, நான் போடறேன்."

"அத எதுக்கு உங்கிட்ட சொல்லணும்?" என்று போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு விரலால் தானே போட்டார்.