மிதிக்காத கால்

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் செல்வராசு — எங்கள் தெருக்காரர், போர்வெல் ரிக் லாரி ஓட்டுகிறவர். கையில் தடி இல்லை, பிடித்துக்கொள்ள யாருடைய தோளும் இல்லை. நிமிர்ந்து நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டாமா?

நான் இரட்டைப் பிள்ளை பெற்றவள். திருச்செங்கோட்டுப் பக்கம் அது டாக்டர் பட்டத்துக்குச் சமம். இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு பறந்துவிடும் என்பது இங்கே நம்பிக்கை. தெருவே என்னிடம் முதுகைக் காட்டும். ஃபீஸ் கிடையாது... காபி செலவும் என்னுடையதுதான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் செல்வராசுவும் வந்து குப்புறப் படுத்தார். "வண்டியில ஆடி ஆடி முதுகு புடிச்சுக்கிச்சுங்க, அக்கா. ஒரு மிதி மிதிச்சு உடுங்க."

காலைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன் — நடு முதுகில் எலும்பு புடைத்திருந்தது. விரல் பட்டதற்கே துடித்தார். கூட வந்த அவர் மனைவி சாந்தியிடம் விசாரித்தேன். சாயங்காலமானால் காய்ச்சலாம். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லையாம். கால் வேறு மரத்துப்போகிறதாம்.

தூக்கிய காலைக் கீழே வைத்தேன். "இது பிடிப்பு இல்லைங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மனிதருக்குக் கோபம். இருந்தாலும் சாந்தி விடாமல் சேலத்துக்கு இழுத்துப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், முதுகில் ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். முதுகெலும்பில் டிபி.

"எனக்குத்தான் இருமலே இல்லைங்களே?" என்றாராம். டிபி என்றால் இருமல் என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்? அது எலும்புக்கும் போகுமாம். "இதை யாராவது மிதித்திருந்தால் இரண்டு காலும் விளங்காமல் போயிருக்கும்" என்றாராம் டாக்டர். சாந்தி அதைச் சொன்னபோது குனிந்து என் காலைத்தான் பார்த்தேன்.

மாத்திரை, முதுகுக்கு பெல்ட், ஓய்வு. சில மாதத்தில் வலி போனது. உடனே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார் நம்ம ஆள்.

"ஈர மண்ணு வந்ததும் ரிக்கை நிறுத்திப் போடுவீங்களா?" என்று கேட்டாள் சாந்தி. "தண்ணி வர்ற வரைக்கும் ஓட்டோணுமில்லீங்க?"

அவருக்குப் புரிகிற பாஷை. முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் சொன்ன காலம் வரை விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் சொன்னார்: "டாக்டரு மாத்திரை போதும்னுட்டாருங்க, அக்கா. அன்னிக்கு நீங்க மிதிச்சிருந்தா, இன்னிக்கு உங்க ஊட்டுக்கு நடந்து வந்திருக்க மாட்டேனுங்க."

இரட்டைப் பிள்ளை பெற்ற காலுக்கு மகிமை உண்டுதான் — அது தரையில் இருக்கிறவரை.