கடலூர் இறகு

புதன்கிழமை காலை செல்போனில் ஒரு இலையின் படத்தைப் பார்த்துப் பயந்துபோனேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மொட்டைமாடி முழுக்க மழைக்காட்டுச் செடிகள். பூவுக்காக இல்லை, இலைக்காக வளர்ப்பவை. சிலதின் இலை வெல்வெட் துணி போல இருக்கும். சிலது முறத்தளவு விரியும். ஒரு புயலில் நிழல்வலை பிய்த்துக்கொண்டு போனது. தப்பித்த கொஞ்சத்தையும் அடுத்த வார வெயில் வதக்கிவிட்டது. சீ, போதும்டா சாமி என்று தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டேன். இந்த வருஷம் ரிட்டயர் ஆனதும் கை சும்மா இருக்கவில்லை. பழைய வாட்ஸ்அப் குழுவில் மறுபடி சேர்ந்தேன்.

குழுவா அது? நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் இப்போது திருவிழாக் கூட்டம். சாயங்காலமானால் லைவில் ஏலம். லேபில் பாட்டிலுக்குள் வளர்த்த குட்டிச் செடிகள் கூரியரில் வருகின்றன. புதுசாகச் செடி வாங்கினால் ஒரு மாசம் தனி ரூமில் வைக்கிறார்கள், கத்தியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள். "என்னா, செடிக்கு ஆபரேஷனா பண்றீங்க?" என்று நான் கிண்டல் செய்தேன். "ஆமா அங்கிள்" என்று ஒரு பெண் சிரிக்காமல் பதில் போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அங்கிளாம்!

எங்கள் காலத்து வழக்கமே வேறு. வேர் விடும் கணுவை வெட்டி ஈரப் பேப்பரில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, பஸ் ஏறிப் போய்க் கொடுப்போம். ஒருவனுடைய செடிகள் எல்லாம் செத்துப்போய் அவன் மறுபடி ஆரம்பித்தால், மற்றவர்கள் தங்களிடம் இருப்பதில் எல்லாம் ஒவ்வொரு கணு வெட்டிக் கொடுக்க வேண்டும். அதிலும் முதல் வெட்டு, அவன் முன்பு கொடுத்த செடியில்தான். அவன் பொருள் முதலில் அவனிடம் திரும்பட்டும் என்று ஒரு மரியாதை.

சிதம்பரத்தில் எனக்கு ஒரு நண்பன். சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். திரும்பி வந்தபோது மனைவி உயிரோடு இல்லை, இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் போயிருந்தார்கள். "இந்த மாடி ஏறலேன்னா நான் படுத்தே கெடப்பேன் மச்சான்" என்பான். அவன் முஸ்லிம், நான் இந்து. எப்படி மச்சான் ஆனோம் என்று யாரும் கேட்டதில்லை. தன் செடிகளுக்கு அவன் பேத்திகளின் பெயரை வைத்திருந்தான்.

என்னிடம் அப்போது கொடியாக ஏறும் பிலோடெண்ட்ரான் செடி ஒன்று இருந்தது. ஒருநாள் அதன் புது இலையில், நரம்போரமாக வெளிர் மஞ்சளில் இறகு விரித்த மாதிரி கோலம் விழுந்தது. பச்சை இலையில் இப்படித் தானாக வெள்ளையோ மஞ்சளோ விழுந்தால் எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியாது. கடலூர் இறகு என்று குழுவே அதற்குப் பெயர் வைத்தது. முதல் கணுவைச் சிதம்பரத்துக்குத்தான் கொண்டுபோனேன். என்னுடையது புயலில் போய்விட்டது. அவனுடையது அவன் மாடியில் சுவரேறி நின்றது. நான் மறுபடி ஆரம்பிக்கிறேன் என்றதும் அதைப் படம் எடுத்து அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தான்.

புதன்கிழமை காலை அதே பெண், அந்த அங்கிள் பெண், குழுவில் ஒரு படம் போட்டாள். இலையில் மஞ்சள் இறகு. கீழே எழுதியிருந்தாள்: இது அழகு இல்லை, தேமல் நோய். வைரஸ். சேப்பங்கிழங்குக்கு வருகிற அதே நோய். மருந்து கிடையாது.

சேப்பங்கிழங்கு என்று படித்ததும் கொல்லைக்கு ஓடினேன். துணி துவைக்கிற தண்ணீர் போகும் இடத்தில் என் மனைவி எப்போதும் சேப்பங்கிழங்கு போட்டிருப்பாள். குனிந்து பார்த்தேன். இலையில் அதே இறகு. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுப் பின்னாலேயே இருந்திருக்கிறது. சேப்பங்கிழங்குதானே என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அதன் தண்டை வெட்டிய கத்தியால்தான் மாடியில் என் செடிகளையும் வெட்டினேன்.

நண்பன் அனுப்பியிருந்த படத்தை, யாருடையது என்று சொல்லாமல் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "நோய் மாதிரிதான் இருக்கு அங்கிள். டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்தச் செடியத் தனியா வைக்கணும். அத வெட்டின கத்தியால வேற எதையும் வெட்டிடக் கூடாது."

அன்றைக்கே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. என்னவென்று சொல்வது? நான் ஆசையாகக் கொடுத்தது சீக்கு என்றா? அவன் என் முகத்தில் விழிப்பானா? வியாழன் போனது. வெள்ளியும் போனது. "சொல்லித் தொலைங்களேன், தலையவா வாங்கிடுவாரு?" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கெழம போறேன்ல, நேர்ல சொல்லிக்கிறேன்" என்று எரிந்து விழுந்தேன். சனிக்கிழமை ஒருவழியாகப் போன் போட்டேன். "நாளைக்கு வர்றேல்ல மச்சான்?" என்று அவன் சந்தோஷமாகக் கேட்டான். கடலூரில் வெயில் ஜாஸ்தி என்று ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். புவனகிரியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவன் மாடியில் காத்திருந்தான். "கண்ண மூடு மச்சான்" என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனான். கண்ணைத் திறந்தபோது எதிரே பிரியாணி வைக்கிற பெரிய தட்டு. அதில் ஈரத் தேங்காய் நாரில் சுற்றிய கணுக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். ஒரு செடி பாக்கியில்லை. எல்லாவற்றிலும் புது வெட்டு, வெட்டின் மேல் காயம் ஆற இலவங்கப்பட்டைத் தூள் தடவியிருந்தான்.

"விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து ஒக்காந்தேன், இப்பத்தான் முடிஞ்சுது" என்றான். "மொதல் வெட்டு உன்னோட எறகுலதான். மொறைய விடுவேனா?"

வழக்கத்தை எப்படி மறந்தேன்? நாலு நாளாக என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வதைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறேன்.

"ஒவ்வொண்ணு வெட்டும்போதும் கத்தியத் தொடச்சியா?" என்றேன்.

"தொடைக்காம? நான் என்னா காட்டானா? கைலியிலயே அழுத்தித் தொடச்சேன்." மடித்துக் கட்டியிருந்த கைலியைத் தூக்கிக் காட்டினான். தொடைப்பக்கம் முழுக்கப் பச்சைக் கறை, கோடு கோடாக.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொன்னேன். சேப்பங்கிழங்கு, கத்தி, அந்தப் பெண் போட்ட படம், ஒன்றையும் விடவில்லை. மனப்பாடம் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. சொல்லச் சொல்ல அவன் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பேத்திகள் பெயர் எழுதிய தொட்டிகளுக்கு வந்ததும் நின்றான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"புதன்கெழம."

தட்டை மெதுவாக என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தான்.

"நேத்து போன் பண்ணி, வெயில் ஜாஸ்தின்னு சொன்னியே மச்சான்" என்றான்.