பிடிமண் இறங்கிய இடத்தில் குடித்தனம்

உலகச் சண்டை வந்து அரிசிக்கு வரிசையில் நிற்கும் காலம் இது. "சேலமும் வேண்டாம், வரிசையும் வேண்டாம்" என்று எங்கள் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையை விற்று, கொல்லிமலை அடிவாரத்தில் முள்ளுக்காடு வாங்கினார். என்னைக் கேட்டா வாங்கினார்? ஐம்பத்துமூன்று வயதில் கரடி உலாவும் இடத்துக்குக் குடித்தனம் போன கதையை, அப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தை வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பெட்ரோல் இல்லாமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரி பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் இருபத்துநாலு மைல், ஆளுக்குப் பன்னிரண்டணா. மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட, எல்லாரும் இறங்கி நடந்தோம். நடப்பதற்கும் கூலி கொடுத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். போய்ச் சேரப் பத்து மணி.

அங்கே பக்கத்தில்தான் எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன். பிடிமண் எடுத்துக்கொண்டோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஊர் மாறுகிறவர்கள் கோயில் மண்ணில் ஒரு பிடியை மஞ்சள் துணியில் கட்டிக் கொண்டுபோய், புது நிலத்தில் வைத்து விளக்கேற்றுவார்கள். வழியில் தரையில் வைத்தால் அம்மன் அங்கேயே தங்கிவிடுவாள். அவளை விட்டுவிட்டு அப்பால் போய்க் குடியிருந்தால் விளங்குமா?

அங்கிருந்து ராக்கியப்பன் மாட்டுவண்டி, இரண்டு ரூபாய். கடைசி ஊரும் தாண்டியாயிற்று. நிலத்துக்கு இன்னும் மூன்று மைல் இருக்கையில், ஓடை மணலில் சக்கரம் புதைந்தது. நான் இறங்குவதற்காகப் பிடிமண் மூட்டையை எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான்.

"அண்ணா, ஓடியாந்து சக்கரத்தப் புடிங்க!" என்றான் ராக்கியப்பன். அவரும் ஓடினார். வண்டி மேடேறியது.

"ஏனுங்க, அம்மன் எங்கீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"அதா, அந்த வேல மரத்தடியில."

"தரையிலயா வெச்சீங்க!"

"பின்ன, தலையில வெச்சுட்டா வண்டி தள்ளுவாங்க?"

"போச்சுங்க்கா" என்றான் ராக்கியப்பன். "ஆத்தா இனி இந்த எடத்த உட்டு நவுராது."

"எடுத்துட்டு நடங்க. நாம மூணு பேருதான பாத்தோம்?" என்றார் அவர்.

"அவ பாத்தாளல்ல?" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப நீயும் உங்க ஆத்தாளும் இங்கயே கெடங்க!" வண்டியோடு போய்விட்டார். எனக்கு வாய் ஓயவில்லை. அம்மனிடம் அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வெயில் தாழத் தாழ, அவர் திரும்புவாரா என்று வண்டித் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது, தலையில் அரிசிப் பானையோடு தனியாக நடந்து வந்தார்.

"என்னங்க, வந்துட்டீங்க?"

"அங்க ஒரு பேச்சுச் சத்தங்கூட இல்லே" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அடுப்ப எங்க கூட்டறது?"

காட்டுக்குப் போகிறவர்களே, உப்பும் தீப்பெட்டியும் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். ஓடையில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் கிடைக்கும், காய்ச்சிக் குடியுங்கள். பிடிமண்ணை மட்டும் புருஷன் கையில் கொடுக்காதீர்கள்.

வேல மரத்துப் பக்கத்திலேயே குடிசை போட்டாயிற்று. தினமும் நிலத்துக்கு மூன்று மைல் போக, மூன்று மைல் வர, முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார். வைத்தவர் அவர்தானே, நடக்கட்டும்.