மேட்டுக் குப்பையும் கடைசி வீடும்

பல்கலைக்கழகத்தில் ராத்திரிக் காவல், அதாவது ஜாகா வேலை என்பது, படிக்கிற பிள்ளைகள் போட்டுவிட்டுப் போனதைப் படிக்காதவன் பார்த்துக்கொண்டு நிற்பது. என்னைப்போலக் கேட்டில் நின்று கால் கடுத்த ஜாகாக்களான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ரப்பர் தோட்டத்தை அழித்து வளாகம் கட்டிய ஆரம்ப வருஷங்கள் அவை. வளாகம் மேட்டில், மிச்சமிருந்த தோட்டத் தொழிலாளர் லயம் பள்ளத்தில். அதில் கடைசி வீடு எனது. மேலே கால்வாயில் விழுவதெல்லாம் மழையில் உருண்டு வந்து என் வீட்டோரத்துப் பாலத்தடியில் அடைக்கும். தண்ணீர் அடுப்படிக்குள் ஏறும். இன்னொரு தடவை ஏறினால் பண்டார் பாருவில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடுவதாக என் மனைவி சொல்லிவிட்டாள்.

பலகை

பழைய பேப்பரைப் பார்த்து நானாகக் கற்ற ஆங்கிலத்திலும், மலாயிலும், தமிழிலும் ஒரு பலகை எழுதி வளாகத்துக் கால்வாயோரம் வைத்தேன்: 'இந்தக் கால்வாய் ஒரு வீட்டுக்குப் போகிறது.' மறுநாள் சாயங்காலம் வேலைக்கு வந்தால், ஈரப் படியில் அதைப் போட்டு உட்கார்ந்து இரண்டு பேர் மீ கோரேங் சாப்பிடுகிறார்கள். நான் முறைத்ததும் ஒருவன் மரியாதையாக நகர்ந்து சொன்னான்: "உட்காருங்க அண்ணே, இடம் இருக்கு."

நேரில் பார்த்தவன்

சரி, எழுத்து வேண்டாம், கண்ணால் பார்க்கட்டும் என்று மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றத் தலைவன் தேவனை ஒருநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். பாலத்தடியில் குவிந்திருந்த சாப்பாட்டுப் பெட்டிகளை அவன் வெகுநேரம் பார்த்தான். கண் கலங்கியதுபோல் இருந்தது. எனக்கும் நெஞ்சில் ஒரு நம்பிக்கை. பிறகு வாய் திறந்தான்: "பாவம்லா அண்ணே, இந்த லயத்து ஆளுங்களுக்குக் குப்பையை எங்க போடறதுன்னே தெரியல."

கோத்தோங் ரோயோங்

அது யார் குப்பை என்று சொல்லி, 'வளாகத்தை நேசியுங்கள்' என்றதும் தேவன் கூனிக்குறுகிப் போனான். நல்ல பிள்ளைதான். வெள்ளிக்கிழமை நண்பர்களைத் திரட்டிக் கோத்தோங் ரோயோங் என்று கூட்டுத் துப்புரவு வைத்தான். கையுறை மாட்டி, பாட்டுப் போட்டு, சருகுகூட மிச்சம் வைக்காமல் கூட்டினார்கள். குப்பை லோரி ஞாயிறுதான் வரும். அதுவரை மூட்டைகள் யார் கண்ணிலும் படக்கூடாது என்று பின்பக்கக் கால்வாய்க் கரையில் அழகாக அடுக்கினார்கள். நான் வேலைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது; பின்பக்கம் போய்ப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பேய்மழை. விடிந்து நான் வீட்டுக்கு ஓடினால், அடுப்படியில் முழங்கால் தண்ணீர். தேவனும் மூச்சிரைக்க வந்து, பாலத்தடியில் இறங்கி மூட்டைகளை இழுத்தான். துணிப்பையோடு வாசலில் நின்றிருந்த என் மனைவி, பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அவனிடம் கோபமில்லாமல் சொன்னாள்: "முன்னெல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு தம்பி, இப்பத்தான் கட்டி அனுப்பியிருக்கீங்க."

வளாகத்தை நேசியுங்கள் என்றேன், பிள்ளைகள் நேசித்தார்கள். அந்த வளாகம் எதுவரை என்று சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.